கோலாலம்பூரில் வீட்டுத் தையல் தொழில்: மிஷின் பார்ப்பதிலிருந்து தீபாவளி ஆர்டர் வரை

தையல் தொழில் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த மிஷின் வாங்கலாம்?" என்பதுதான். எதைத் தைக்கப் போகிறீர்கள், யாருக்குத் தைக்கப் போகிறீர்கள் என்ற இரண்டும் முடிவாகாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. என் கணக்கில் வீட்டுத் தையல்காரருக்குச் சம்பாதித்துக் கொடுப்பவை மூன்று: நல்ல கத்தரிக்கோல், கனமான அயன், ஒழுங்காக எழுதிய அளவு நோட்டு. மிஷின் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். ஆனால் அதிகப் பணத்தை விழுங்குவதும் அதுவேதான், ஆகவே அதைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில்: என்ன தைப்பது?

மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ ஒரு சுற்று நடந்து பாருங்கள். ரெடிமேட் பிளவுஸ் வரிசை வரிசையாகத் தொங்கும். ஆன்லைனில் அதைவிட மலிவு. அந்த விலைக்கு வீட்டில் உட்கார்ந்து யாராலும் தைத்துக் கட்டுப்படியாகாது, முயலவும் வேண்டாம். ஆனால் அதை வாங்கிய பலருக்குத் தோள் வழியும், இல்லையென்றால் அக்குளில் பிடிக்கும். அப்போது அவர்கள் தேடுவது தைக்கிற அக்காவைத்தான்.

ஆகவே தொடக்கத்தில் ஆல்டரேஷன் வேலையை எடுங்கள். ரெடிமேட் பிளவுஸைப் பிடித்துக் கொடுப்பது, கால்சட்டையின் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பள்ளிச் சீருடையை அளவுக்குக் கொண்டுவருவது. தொடக்கப்பள்ளிப் பெண்பிள்ளைகளின் கருநீலப் பினஃபோரையும், இடைநிலைப்பள்ளி மாணவர்களின் பச்சைக் கால்சட்டையையும் ஒரு வருடம் வளரட்டும் என்று பெரிதாகவே வாங்குவார்கள். மடித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும், அடுத்த வருடம் அதைப் பிரித்துவிட வேண்டும். ஒரே துணிக்கு இரண்டு தடவை கூலி!

ஆல்டரேஷனில் இன்னொரு லாபம் உண்டு. பிறர் தைத்ததைப் பிரிக்கும்போது கற்பது வகுப்பில் கிடைக்காது. ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார், கையை எந்த இடத்தில் சுருக்கியிருக்கிறார், லைனிங்கை எப்படி மறைத்திருக்கிறார் என்பதெல்லாம் தையலைப் பிரித்தால் தெரிந்துவிடும்.

அடிப்படையே தெரியாதவர்கள் கியாட்மாரா தொழிற்பயிற்சி மையங்களிலோ கொமுனிட்டி கல்லூரிகளின் குறுகிய வகுப்புகளிலோ தையல் படிக்கலாம். தெரிந்த தையல்காரர் யாராவது இருந்தால் அவரிடம் சில மாதம் கொக்கி தைத்து, ஓரம் மடித்துக் கொடுத்துப் பழகுவது இன்னும் நல்லது. யூடியூப் வெட்டும் விதத்தைக் காட்டும். சிஃபான் துணியை மிஷினுக்குள் தள்ளும்போது கை எவ்வளவு இழுக்கலாம் என்பதை அது சொல்லித் தராது.

மிஷின்

இரண்டு வகையை மட்டும் நினைவில் வையுங்கள். மேசைமேல் தூக்கி வைக்கும் வீட்டு மிஷின் ஒன்று, மேசையோடு வரும் ஹைஸ்பீட் மிஷின் மற்றொன்று. வீட்டு மிஷினில் ஸிக்ஸாக், பட்டன் ஓட்டை, பூ வேலை எல்லாம் உண்டு. ஹைஸ்பீடு நேராகத் தைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ஆனால் அந்த ஒன்றை நாள் முழுக்கச் சலிக்காமல் செய்யும். ஜூக்கி நிறுவனத்தின் டிடிஎல்-8700 போன்ற மாடல்கள் நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடக் கூடியவை. நமக்கு அந்த வேகம் தேவையில்லை. ஆனால் அவ்வளவு வேகத்துக்குக் கட்டிய மிஷினை மெதுவாக ஓட்டினால் அது வருடக்கணக்கில் உழைக்கும் என்பதுதான் கணக்கு.

கூலிக்குத் தைக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: பூ வேலை செய்யும் புது வீட்டு மிஷினுக்குக் கொடுக்கும் காசில், நன்றாகப் பராமரித்த பழைய ஹைஸ்பீடு ஒன்றைப் பாருங்கள். அப்புறம், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஒன்று. மூன்றாவதாக, கை நிறைய வேலை வந்த பிறகு, ஸிக்ஸாக்குக்காக ஒரு சின்ன வீட்டு மிஷின். ஓவர்லாக் வரும்வரை துணி ஓரங்களைப் பக்கத்தில் ஓவர்லாக் வைத்திருப்பவரிடம் கொடுத்து அடித்து வாங்கலாம். சில்லறைக் காசுதான் ஆகும்.

பழைய மிஷின் பார்க்கப் போகும்போது கடைக்காரர் கொடுக்கும் துணியில் தைத்துப் பார்க்காதீர்கள். அவர் மிஷினுக்கு ஒத்துவரும் துணியைத்தான் வைத்திருப்பார். உங்கள் பையில் ஒரு துண்டு சிஃபான், ஒரு துண்டு பருத்தி, பழைய ஜீன்ஸ் கால் ஒன்று கொண்டுபோங்கள். பிறகு இப்படிச் சோதியுங்கள்.

மின்சாரத்தைப் போடாமல் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றும் ஒரே சீராகப் போக வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் பிடித்தால் உள்ளே பழைய நூல் சிக்கியிருக்கலாம், தண்டு தேய்ந்தும் இருக்கலாம். ஊசித் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், தளதளவென்று ஆடக் கூடாது. அடுத்தது ஊசித் தட்டில் இருக்கும் ஓட்டை. அதைச் சுற்றி ஊசி குத்திய கீறல்கள் நிறைய இருந்தால் அந்த மிஷின் ஊசிகளை உடைத்துத் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிசிறில் பட்டுத்துணி மாட்டும், நூலும் அறுந்துகொண்டே இருக்கும். தட்டை மாற்றலாம், ஆனால் விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தைத்துப் பாருங்கள். முதலில் சிஃபான். இரண்டு மடிப்பு வைத்துத் தைக்கும்போது துணி சுருங்காமல், ஊசித் தட்டுக்குள் இழுபடாமல் போக வேண்டும். அடுத்து ஜீன்ஸின் தடித்த ஓரம். அதில் ஏறும்போது தையல் விட்டுவிட்டு விழுந்தால் உள்ளே நூலைப் பிடிக்கும் கொக்கியின் நேரம் தவறியிருக்கிறது. மெக்கானிக் சரிசெய்வார், ஆனால் அவருக்கும் கூலி உண்டு. கடைசியாக மிஷினின் தலையைச் சாய்த்து எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள். கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் பராமரிப்பு இல்லாத மிஷின். மேலே சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். ஓடும்போது அதில் எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேல்பாகத்துக்கு எண்ணெய் ஏறவில்லை, விட்டுவிடுங்கள்.

மோட்டார் விஷயத்தில் பேரம் வேண்டாம். பழைய மிஷின்களில் கிளட்ச் மோட்டார் இருக்கும். ஸ்விட்ச் போட்டதிலிருந்து அணைக்கும்வரை உறுமிக்கொண்டே இருக்கும், நீங்கள் தைக்காமல் உட்கார்ந்திருக்கும்போதும் மின்சாரம் இழுக்கும். செர்வோ மோட்டார் பெடலை மிதித்தால் மட்டும் ஓடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம். ஃப்ளாட் வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்தில் தைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பழைய தலைக்குச் செர்வோ மோட்டாரை மாட்டித் தரும் கடைகள் உண்டு. பெல்ட்டே இல்லாமல் மோட்டார் தலையிலேயே அமைந்த ஜாக் எஃப்4 போன்றவையும் இருக்கின்றன. புதிதாகவே வாங்குவதென்றால் அந்த வகையைப் பாருங்கள். முதல் சில வாரம் வேகத்தைப் பாதி அளவுக்குக் கீழே வைத்துப் பழகுவது நல்லது.

எண்ணெய் என்றால் மிஷினுக்கென்று விற்கும் வெள்ளை எண்ணெய் மட்டும். பாட்டி காலத்து மிதி மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டவர்கள் இருக்கிறார்கள். சில மாதத்தில் அது இறுகிப் பிசினாகிவிடும். எண்ணெய் மாற்றிய நாளில் முதல் பத்து நிமிடம் பழைய துணியில் ஓட்டுங்கள். ஊசித் தண்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் அது வாடிக்கையாளரின் பட்டில் விழக் கூடாது.

ஊசி, நூல், இழுவிசை

வீட்டு மிஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், தட்டைப் பக்கம் பின்னால் பார்க்க வேண்டும். ஹைஸ்பீட் ஊசியின் தலை முழு உருண்டை. அதனால் தவறாக மாட்டுவது சுலபம். ஊசியில் நீளமான பள்ளம் ஒன்று இருக்கும், அது இடப்பக்கம் வர வேண்டும். நூலை இடமிருந்து வலமாகக் கோர்க்க வேண்டும். பள்ளம் கொஞ்சம் திரும்பி நின்றாலும் தையல் விடும்.

பட்டு, சிஃபானுக்கு 9 அல்லது 11 நம்பர். பருத்திக்கும் சாதாரணத் துணிக்கும் 14. ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. டீ-ஷர்ட் போன்ற இழுபடும் துணிக்கு முனை மழுங்கிய ஊசி தனியாகக் கேட்டு வாங்குங்கள். துணியில் இறங்கும்போது "டக் டக்" என்று சத்தம் வந்தால் ஊசி மழுங்கிவிட்டது. ஊசி மலிவு, பட்டு மலிவில்லை.

இழுவிசையைச் சரிபார்க்கும் விதம் இது. கீழ்நூல் சுற்றிய பாபினை அதன் கேஸில் போட்டு, நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினால் தளர்வு. கையை லேசாக ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். வெட்டியும் அசையவில்லை என்றால் இறுக்கம். கேஸில் இருக்கும் சின்னத் திருகை மயிரிழை அளவுக்குத் திருப்புங்கள், அரைச் சுற்று எல்லாம் வேண்டாம். கீழ்நூல் சரியான பிறகு மேல்நூலுக்கு வாருங்கள். மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று இரண்டு நிற நூல் போட்டுத் தைத்தால் உடனே தெரிந்துவிடும். துணியின் அடியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் தளர்வு, மேலே வெள்ளை எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம்.

நூல் அறுகிறது, தையல் விடுகிறது என்றதும் மெக்கானிக்குக்கு போன் போடாதீர்கள். முதலில் மேல்நூலை முழுவதும் உருவி மறுபடி கோருங்கள். அடுத்து ஊசியை மாற்றுங்கள். அடுத்து ஊசித் தட்டைக் கழற்றிப் துணியைத் தள்ளும் பல் இடுக்கில் அடைந்திருக்கும் பஞ்சைப் பிரஷ்ஷால் எடுங்கள். பெரும்பாலான கோளாறு இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

கத்தரி, டேப், சாக், அயன்

துணிக் கத்தரி 9 அல்லது 10 அங்குலம். கடையிலேயே ஒரு துண்டு சிஃபானை அதன் நுனியால் வெட்டிப் பாருங்கள். மென்று துப்பாமல் வெட்டினால் வாங்கலாம். பேப்பருக்கு வேறு கத்தரி, நூல் வெட்ட வேறு சின்னக் கத்தரி. துணிக் கத்தரியின் பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிடுங்கள். வீட்டில் யாரும் அதை எடுத்து மைலோ பாக்கெட்டை வெட்டக் கூடாது. மொசைக் தரையில் ஒருமுறை தவறி விழுந்தால் இரண்டு அலகும் சேராமல் போகும், அதனால் மேசை ஓரத்தில் வைக்காதீர்கள்.

டேப் ஃபைபர் கிளாஸில் இருக்கட்டும். துணி டேப் நாளாக ஆக நீளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். சாக்கில் மெழுகு சாக், மண் சாக் என்று இரண்டு இருக்கிறது. மெழுகு சாக் பட்டில் பட்ட இடத்தில் அயன் வைத்தால் கறை தங்கிவிடும். பட்டுக்கு மண் சாக், அதுவும் உள்பக்கத்தில்.

அயன் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தைத்து முடித்த பிறகு கடைசியாக அயன் போடுபவரின் பிளவுஸையும், ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் அயன் வைப்பவரின் பிளவுஸையும் பக்கத்தில் வைத்தால் தையல் தெரியாதவர்கூட வித்தியாசம் சொல்வார். டாட் (உடம்பு வளைவுக்காகத் துணியைப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) தைத்ததும் அதைக் கீழ்நோக்கி அமுக்குங்கள், தோள் இணைத்ததும் விரித்து அமுக்குங்கள். பட்டின் மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை விரித்து, மிதமான சூட்டில். நீராவி அயனாக இருந்தால் தண்ணீர் சொட்டாததா என்று பழைய துணியில் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டில் நீர்த்துளி வட்டமாகக் கறை போடும்.

இடமும் மின்சாரமும்

ஃப்ளாட்டில் தைப்பவர்கள் மிஷின் மேசையின் நான்கு கால்களுக்கும் தடித்த ரப்பர் வையுங்கள். அதிர்வு கீழ்வீட்டுக் கூரையில்தான் கேட்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கைத்தையல் மட்டும். ஊசிக்குப் பக்கத்தில் காந்தத்தோடு ஒட்டும் சின்ன எல்இடி விளக்கு போட்டால் கண் எரியாது, குறிப்பாகக் கறுப்புத் துணிக்கு. அயனைச் சுவரில் இருக்கும் பிளக்கில் நேரடியாகச் சொருகுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷனில் அயன், மிஷின், காற்றாடி மூன்றையும் போட்டு எரித்தவர்கள் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் ஊசி துருப்பிடிக்கும், மூடி வைத்த பட்டில் பூஞ்சணம் பிடிக்கும். வாடிக்கையாளர் துணியை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்காமல் பழைய பருத்தித் தலையணை உறையில் வையுங்கள்.

அளவு எடுப்பது

தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம், மேலே பெயர், போன் நம்பர், தேதி. தேதி முக்கியம். எட்டு மாதத்துக்கு முந்தைய அளவை வைத்து யாருக்கும் வெட்டாதீர்கள்.

பிளவுஸுக்கு எப்போதும் ஒரே வரிசையில் எடுங்கள், அப்போதுதான் எதுவும் விடுபடாது: உயரம், தோள், மேல் மார்பு, மார்பு, இடுப்பு, தோளிலிருந்து மார்பு முனை, முனைக்கு முனை, முன் கழுத்து ஆழம், பின் கழுத்து ஆழம், கை நீளம், கைச் சுற்று, அக்குள் சுற்று. அந்தப் பிளவுஸுக்கு எந்த உள்ளாடை போடப் போகிறாரோ அதைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். கைகள் தொங்கியபடி, சாதாரணமாக மூச்சு விட்டபடி நிற்க வேண்டும். அளவு எடுக்கிறோம் என்றதும் வயிற்றை உள்ளே இழுக்காதவர் யாரும் இல்லை. ஏதாவது பேச்சுக் கொடுங்கள், "மக எந்த ஸ்கூல் இப்ப?" என்று கேட்டால் போதும், மூச்சு வெளியே வந்துவிடும். டேப்புக்குள் இரண்டு விரல் போகும் இடைவெளியில் படித்து எழுதுங்கள்.

பலர் அளவுப் பிளவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து, "இதே மாதிரி தைங்க அக்கா" என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே நம்ப வேண்டாம். போட்டுப் போட்டு இழுபட்ட துணி அது. "இதுல எங்கே பிடிக்குது? கழுத்து இதே ஆழம் போதுமா? கையைத் தூக்குனா மேலே ஏறுதா?" என்று கேட்டுப் பதிலை நோட்டில் எழுதுங்கள். கழுத்து ஆழத்தை அவர் கண்ணெதிரே எழுதிக் காட்டிவிடுங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி கழுத்தைப் பற்றியதுதான்.

மலாய்க்கார வாடிக்கையாளர் வருவார்கள், விடாதீர்கள். பாஜு கூரோங் உடம்பை ஒட்டாத உடை. அளவில் அரை அங்குலம் முன்னே பின்னே போனால் தெரியாது. கைக்கு அடியில் வரும் கெக்கெக், பக்கவாட்டில் வரும் பெசாக் ஆகிய இரண்டு துண்டுகளையும் சரியாக இணைக்கக் கற்றால் மிச்சம் நேர்த்தையல்தான். ஒரு ஜோடிக்குப் பொதுவாக 4 மீட்டர் துணி கொண்டுவருவார்கள். தெலோக் பெலாங்கா என்ற காலரில்லாத கழுத்துக்குக் கையால் போடும் துலாங் பெலூட் தையல் மட்டும் தனி வித்தை. அதைப் போடத் தெரிந்தவர்களுக்குத் தனிக் கூலி.

லைனிங் வைத்த பிளவுஸ்: வெட்டுவதிலிருந்து கொக்கி வரை

லைனிங் துணியை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் நனைத்து, பிழியாமல் காயப் போட்டு, அயன் வைத்துவிட்டுத்தான் கத்தரி எடுக்க வேண்டும். பருத்தி லைனிங் முதல் சலவையில் சுருங்கும். மேலே இருக்கும் பட்டு அவ்வளவு சுருங்காது. நனைக்காமல் தைத்த பிளவுஸ் ஒரே சலவையில் உள்ளே இழுத்துக்கொண்டு மேலே கொப்பளம் கொப்பளமாக நிற்கும்.

மார்பு 36 அங்குலம் என்றால் கணக்கு இப்படி: கால் பங்கு 9, தளர்வுக்கு அரை, ஓரத்துக்கு ஒன்றரை. மடிப்பிலிருந்து 11 அங்குலத்தில் கோடு. அந்த ஒன்றரை அங்குலத்தைப் பார்த்துத் துணி வீண் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாக நான்கு ஓரம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் பிரித்துவிட்டால் மொத்தம் 4 அங்குலம் பெரிதாகும். பிள்ளை பெற்ற பிறகும் கல்யாணப் பிளவுஸ் போட முடிகிறதென்றால் அதனால்தான். ஒரே ஒரு விஷயம்: டிஷ்யூ, மெல்லிய பட்டில் பழைய தையலின் ஊசி ஓட்டை தெரியும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பார்டர் உள்ள பிளவுஸ் துணியில் கைக்குப் பார்டரை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் உடம்புக்கு வெட்ட வேண்டும். உடம்புக்கு ஒட்டுப் போடலாம், மறைந்துவிடும். கைப் பார்டரில் ஒட்டுப் போட்டால் மேடையில் ஏறும்போது எல்லார் கண்ணும் அங்கேதான். கழுத்துக்குப் பைப்பிங் துணியை 45 டிகிரிச் சாய்வில் வெட்டுங்கள். நேராக வெட்டிய துணி வளைவில் படியாது.

தைக்கும் வரிசை: லைனிங்கையும் மேல்துணியையும் நூல் ஓட்டி இணைப்பது, டாட், முன் பட்டி, தோள், கழுத்து, கை, கடைசியில் பக்கம். பக்கத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் ட்ரையல். பக்கத்தை நீளத் தையலில், 4 அல்லது 5 மில்லிமீட்டரில், தற்காலிகமாக அடித்துவிட்டு ஆளைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையை மேலே தூக்கச் சொல்லுங்கள், முன்னால் குனியச் சொல்லுங்கள், முந்தானை போடுவது போலத் தோளை அசைக்கச் சொல்லுங்கள். சரி என்றால் 2.5 மில்லிமீட்டரில் நிரந்தரத் தையல். கொக்கியை அதன் பிறகுதான் தைக்க வேண்டும். முதல் கொக்கி மார்பு முனையின் நேருக்கு வர வேண்டும். அங்கே இடைவெளி விட்டுவிட்டால் உட்காரும்போது பிளவுஸ் வாய் பிளக்கும்.

கூலி எவ்வளவு?

அக்கம்பக்கத்தில் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்பது ஒரு பாதி. மற்றப் பாதி உங்கள் நேரத்தைக் கணக்குப் பார்ப்பது. 2025-இலிருந்து மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8.72. லைனிங் பிளவுஸுக்கு உங்களுக்கு நாலு மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உழைப்பு மட்டும் கிட்டத்தட்ட 35 ரிங்கிட். லைனிங், கொக்கி, நூல், மின்சாரம் என்று ஒரு பத்து சேர்த்தால் 45. அதற்குக் கீழே தைத்தால் கடையில் சம்பளத்துக்கு நிற்பதைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறீர்கள். இந்தக் கணக்கைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக் காட்டத் தேவையில்லை, உங்கள் மனதில் இருந்தால் போதும்.

துணியை வாங்கும்போதே பாதிப் பணம். போனிலேயே பணம் செலுத்தும் டூயிட்நவ் கியூஆரை அட்டையில் ஒட்டி மேசையில் வைத்துவிட்டால், வாய் திறந்து கேட்கும் சங்கடம் இல்லை. ரசீதுப் புத்தகத்தில் நம்பர் எழுதி ஒரு துண்டை வாடிக்கையாளருக்குக் கொடுத்து, மறு துண்டைத் துணியிலேயே குண்டூசியால் குத்திவிடுங்கள். ஒரே நிறத்தில் மூன்று பச்சைப் பட்டு வரும் வாரத்தில் அதன் அருமை தெரியும். எத்தனை மாதத்துக்குள் எடுக்காத துணிக்குப் பொறுப்பில்லை என்பதையும் அதில் அச்சடித்துக்கொள்ளலாம்.

பதிவும் பாதுகாப்பும்

வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்களைப் பதியும் ஆணையம்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60. ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) எல்லைக்குள் இருப்பவர்கள் வீட்டில் தொழில் நடத்த லைசென்ஸ் பற்றி அங்கே விசாரியுங்கள், ஃப்ளாட் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தனித் திட்டம் இருக்கிறது. ஊசி விரலில் ஏறுவது, அயன் சுடுவது, வேலை விஷயமாகப் போகும்போது மோட்டார் சைக்கிளில் விழுவது எல்லாம் நடக்கக் கூடியதுதான். ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களாகப் போடும் பணத்துக்கு அரசாங்கம் வருடத்துக்கு 500 ரிங்கிட் வரை சேர்த்துக் கொடுக்கிறது. வீட்டுத் தையல்காரர்கள் இதை ஏன் இவ்வளவு பேர் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

தீபாவளிக் கணக்கு

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் குறைவு, வேலையும் குறைவு. தீபாவளிக்கு முன் நிலைமை தலைகீழ். "தீபாவளிக்குள்ள கிடைச்சிடுமா அக்கா?" என்ற கேள்விக்கு உணர்ச்சியால் பதில் சொல்லக் கூடாது, காலண்டரால் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு உங்களால் ஒழுங்காக இரண்டு பிளவுஸ் தைக்க முடியும், வாரத்தில் ஆறு நாள், கையில் ஆறு வாரம் என்றால் மொத்தம் 72. அதில் பத்துப் பன்னிரண்டைச் சொந்தக்காரர்களுக்கும் ட்ரையல் திருத்தத்துக்கும் கழித்துவிட்டு, 60-இல் நோட்டை மூடிவிடுங்கள். ரம்ஜான் நோன்பு தொடங்கும் முன்பே "தெம்பாஹான் துத்துப்" என்று ஆர்டர் மூடிய அறிவிப்பை மாட்டிவிடும் மலாய்த் தையல்காரர்களை இந்த விஷயத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

கொடுப்பதாகச் சொல்லும் தேதி, முடிக்கப் போகும் தேதியைவிட இரண்டு நாள் தள்ளியே இருக்கட்டும். கடைசி வாரத்தில் புதுத் துணி வாங்காதீர்கள், ஆல்டரேஷன் மட்டும். மறக்காமல் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே மிஷினை மெக்கானிக்கிடம் காட்டி, பாபின் கேஸ் இன்னொன்றும், 11 நம்பர் ஊசி இரண்டு பாக்கெட்டும், கறுப்பு, மெரூன், தங்க நிற நூல்களும் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் மெக்கானிக்கும் எல்லார் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்.